சதுரங்கம் காத்திருக்கும், இது காத்திருக்காது!

“பிள்ளை கணினியே கதியென்று கிடக்கிறான்” என்பது சிரம்பான் பெற்றோர் பலரின் ஆதங்கம். அப்படி என்ன இருக்கிறது அதில்?

1999இல் வெளிவந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். சதுரங்கத்தில் நாம் யோசிக்கும்வரை எதிராளி காத்திருப்பார். இங்கே இருவரும் ஒரே நேரத்தில் காய் நகர்த்துகிறார்கள். ஓர் உழைப்பாளியை உருவாக்க 50 உணவும் 25 விநாடியும் தேவை. அந்த உணவைப் படைக்குக் கொடுத்தால் நாளைய வருமானம் குறையும். கொடுக்காவிட்டால் இன்றே ஊர் பறிபோகலாம். இந்தத் தவிப்புதான் சுவை. தோற்றவனுக்கும் எங்கே பிசகியது என்று தெரிகிறது. மறுபடி ஆடத் தோன்றுகிறது.

2022இல் வந்த விரிவாக்கத்தில் கடாரம் கொண்ட ராஜேந்திர சோழனின் கதையும் சேர்ந்தது.

திட்டுவதற்கு முன் பக்கத்தில் அமர்ந்து, “ஏன்டா தோத்தே?” என்று கேட்டுப் பாருங்கள். அவன் திட்டமிடும் திறன் பதிலில் தெரியும். நேரக் கட்டுப்பாட்டை அதன்பின் பேசினால், அவனும் காது கொடுப்பான்.