குட்டி விமானத்தைக் குலுங்காமல் இறக்குவது எப்படி?

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால், காயலுக்கு அப்பால் வெல்லிங்டன் தீவில் கடற்படை விமானங்கள் இறங்குவதைக் காணலாம். கோடை விடுமுறைக்கு வந்த என் பேரன், தன் புதிய ரிமோட் விமானத்தையும் அந்த மாடியிலிருந்தே பறக்கவிட வேண்டும் என்று அடம் பிடித்தான். 1953-ல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். கருடா விமானதளம் இவ்வளவு அருகில் இருக்கையில் அது பெரும் தவறு. 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி, அனுமதியுள்ள இடம்தானா என்று அரசின் வான்வெளி வரைபடத்தில் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்து, பாலக்காட்டுப் பக்கம் உறவினர் ஒருவரின் அறுவடை முடிந்த வயலுக்குப் போனோம்.

விமானம் அழகாக ஏறியது. இறங்கும்போது வேகம் குறைந்து தாழ்ந்தது. நான் பதறிப்போய், "தூக்குடா, மூக்கைத் தூக்கு!" என்று கத்தினேன். அவனும் தூக்கினான். ஒரு இறக்கை சாய்ந்து, வரப்பில் மோதி, புரொப்பெல்லர் ஒடிந்தது. "இனி எனக்கு வேண்டாம் தாத்தா" என்று கண் கலங்கிவிட்டான். தவறு அவனுடையதல்ல, என்னுடையது.

காற்று இறக்கையைத் தழுவி ஓடும்வரைதான் இறக்கை எடையைத் தாங்கும். வேகமில்லாத நேரத்தில் மூக்கைத் தூக்கினால், சுமார் 15 பாகை கோணத்தைத் தாண்டியதும் காற்றோட்டம் இறக்கையை விட்டு விலகிவிடும். இதற்கு 'ஸ்டால்' என்று பெயர். ஆகவே, இறங்கும்போது எலிவேட்டரால் வேகத்தையும், திராட்டிலால் உயரத்தையும் கட்டுப்படுத்த வேண்டும். தாழ்ந்து போகிறதா? மூக்கைத் தூக்காமல் திராட்டிலைச் சிறிது கூட்டுங்கள்.

அடுத்தது காற்றின் திசை. எப்போதும் எதிர்காற்றில்தான் இறக்க வேண்டும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானம், 10 கி.மீ. எதிர்காற்றில் தரையைத் தொடும்போது 20 கி.மீ. வேகமே இருக்கும், பின்காற்றில் 40 ஆகிவிடும். வேகம் இரு மடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்கு! வெல்லிங்டன் தீவில் இரண்டு ஓடுபாதைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதும், காற்றுக்கேற்ற திசையைத் தேர்ந்தெடுக்கத்தான்.

விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். அப்போது எந்தப் பக்க இறக்கை தாழ்கிறதோ, அதற்கு முட்டுக் கொடுப்பதுபோல் அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளினால் போதும்.

கடைசி நொடி எனக்குப் பழகிய விஷயம். கைதேர்ந்த ரயில் ஓட்டுநர், வண்டி நிற்பதற்குச் சற்று முன் பிரேக்கைத் தளர்த்துவார். பயணிகளுக்குக் குலுக்கல் தெரியாது. அதுபோல், முழங்கால் உயரம் வந்ததும் திராட்டிலை முழுதும் குறைத்து, எலிவேட்டரை மெல்ல மெல்லப் பின்னுக்கு இழுக்க வேண்டும். பின்சக்கரங்கள் முதலில் தரையைத் தொடும். முன்சக்கரம் தானாக இறங்கும்.

வண்டி பிளாட்பாரத்தைத் தாண்டினால் தாண்டியதுதான். விமானத்துக்கோ மறுவாய்ப்பு உண்டு. வரும் கோணம் சரியில்லை என்று தோன்றினால், உயரம் இருக்கும்போதே திராட்டிலைக் கூட்டி இன்னொரு சுற்று வரலாம். அதற்காகவே பாட்டரியில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போதே இறங்கத் தொடங்க வேண்டும்.

மறுநாள் காலை, காற்று எழுமுன், புது புரொப்பெல்லருடன் மறுபடி போனோம். தரையைத் தொடாமல் பத்து முறை தாழ வந்து மேலேறச் சொன்னேன். பதினோராம் முறை அவனே இறக்கினான். ஒரே ஒரு சிறு துள்ளல்தான்! இம்முறை நான் வாயே திறக்கவில்லை.

பிள்ளைகளுக்கு இவ்விளையாட்டைக் கற்றுத்தரும் பெற்றோருக்கு என் வேண்டுகோள்: ஆட்கள் நடமாடாத திறந்தவெளிக்கு அழைத்துச் செல்லுங்கள். பாட்டரி இணைத்தபின் புரொப்பெல்லர் அருகே கை போகக் கூடாது. முக்கியமாக, இறங்கும் நேரத்தில் பக்கத்தில் நின்று கத்தாதீர்கள்.