மணிக்கட்டில் ஓர் ஒற்றன்!

மச்சினன் ஒரு பட்டை வாங்கிக் கொடுத்தான். "கையில கட்டிக்குங்க அத்தான். எத்தனை அடி நடந்தீங்க, எங்கே நடந்தீங்க, எல்லாம் சொல்லும். தொப்பை கரைஞ்சிடும்!"

நான் பி.காம். எந்தக் கணக்கையும் ஆடிட் பண்ணாமல் நம்ப மாட்டேன். சேரில் உட்கார்ந்தபடியே கையை மட்டும் வீசினேன். நாற்பது அடி நடந்ததாக எழுதிக்கொண்டது! விஷயம் இதுதான் சார்... அதற்குக் கால் தெரியாது. உள்ளே இருக்கும் ஆக்ஸிலரோமீட்டர் என்ற பொடிச் சில்லு, கை அசையும் தாளத்தை வைத்துத்தான் அடிகளை எண்ணுகிறது.

தினம் 10,000 அடி என்ற கட்டளையும் டாக்டர்கள் கூடிப் பேசி வைத்ததல்ல. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டில், 1965-ல் ஒரு ஜப்பான் கம்பெனி 'மன்போ-கே' என்று அடி எண்ணும் கருவியை விற்றது. அதற்கு அர்த்தமே 'பத்தாயிரம் அடி மீட்டர்'தான். வியாபாரப் பெயர்! (அதற்காக நடக்காமல் இருந்துவிடாதீர்கள்.)

'எங்கே நடந்தோம்' என்பதில்தான் வில்லங்கம். சுமார் 20,000 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் சிக்னலைப் பிடித்துப் பாதையை வரைகிறார்கள். 2017 நவம்பரில் ஸ்ட்ராவா என்ற கம்பெனி, தன் உறுப்பினர்கள் ஓடிய பாதைகளைச் சேர்த்து ஓர் உலக வரைபடம் வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஓர் ஆஸ்திரேலிய மாணவர் அதை உற்றுப் பார்த்தார். சிரியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் கும்மிருட்டுக்கு நடுவே, சிப்பாய்கள் உடற்பயிற்சிக்கு ஓடிய ராணுவ முகாம்கள் பளிச்! அந்த ஆகஸ்டில் பென்டகன், போர்முனையில் இருப்பவர்கள் இடம் காட்டும் வசதியைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டது.

நான் சிரித்தேன். மறுநாள் டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவர், "சார், மூணாவது குறுக்குத் தெரு கடைசி வீடுதானே? தினம் 5.40-க்குக் கிளம்பி 6.35-க்குத் திரும்பறீங்க... நானும் அதே ஆப்தான்!" என்றார்.

நல்ல மனிதர்தான். ஆனால், டீ தொண்டையில் இறங்கவில்லை. அந்த ஐம்பத்தைந்து நிமிஷமும் வீட்டில் மனைவியும் நாலு வயசுப் பெண்ணும் மட்டும்தான். 'வீட்டுக்காரன் வெளியே போயிருக்கிறான்' என்று ஊருக்கே போர்டு மாட்டியது நான்தான்!

வீட்டுக்கு ஓடினேன். (பட்டை அதையும் எண்ணியது.) 'எனக்கு மட்டும்' என்று மாற்றி, வீட்டைச் சுற்றிய பகுதியையும் மறைத்தேன். இரண்டு நிமிஷ வேலை. நீங்களும் இன்றே செய்துவிடுங்கள்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "அதென்ன, தினமும் ஒரே இடத்துல இருபது நிமிஷம் நிக்கறீங்க? வடைக்கடையா?"

பென்டகன் பட்ட அவஸ்தை அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.