வெள்ளி வண்டிக்குள்ளே ஒரு வண்ணக் கூத்து

ஏர்ஸ்ட்ரீம் வண்டியை எல்லாரும் வெளியே நின்றுதான் படம் எடுக்கிறார்கள். வாருங்கள், கதவைத் திறந்து உள்ளே போவோம். கொண்டாட்டமே அங்கேதான்!

1950, 60களில் அமெரிக்காவில் செய்த இந்த இழுவை வீடுகளுக்கு உட்சுவரும் அலுமினியத் தகடுதான். அதன்மேல் ஸோலடோன் என்றொரு பெயின்ட். ஒரே வீச்சில் பல நிறப் புள்ளிகள் தெறிக்கும், கோலப்பொடி தூவியதுபோல! பின்னால் வந்தவர்கள் அதை மூடி வீட்டுச் சுவர் பெயின்ட்டைப் பூசியிருப்பார்கள். அலமாரிக் கீலைக் கழற்றிப் பாருங்கள், பழைய நிறம் அப்படியே ஒளிந்திருக்கும். பழுதுபார்ப்பவர்கள் துள்ளிக் குதிக்கும் தருணம் இது.

மேல்பூச்சு தோல் தோலாக உரிகிறதா? பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஒரு மூலையில் தேய்ப்பார்கள். நிறம் பஞ்சில் ஏறினால் லேட்டக்ஸ், அதாவது நீர் கலந்த பெயின்ட். ஏறாவிட்டால் பெரும்பாலும் எண்ணெய்ப் பெயின்ட். வழவழப்பான எண்ணெய்ப் பூச்சைத் தேய்க்காமல் அதன்மேல் லேட்டக்ஸ் அடித்தால் ஒட்டாது. ஆனால் உடனே உப்புத்தாளை எடுக்கக் கூடாது! 1978க்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம். சோதித்துவிட்டு, ஈரப்படுத்தித்தான் சுரண்ட வேண்டும்.

ஜன்னலுக்குக் கீழே கொப்புளமா? அங்கே குற்றவாளி பெயின்ட் இல்லை, ஒழுகல். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, இன்னொருவர் வெளியே ஹோஸால் கீழிருந்து மேலாகத் தண்ணீர் அடிப்பார். "வருது, வருது!" என்று உள்ளிருந்து கத்தல் கேட்டால் வெற்றி! கீழே தொடங்குவதில்தான் சூட்சுமம்: மேலே அடித்த தண்ணீர் வழிந்து இறங்கினால் எந்த இடுக்கில் புகுந்தது என்றே தெரியாது.

ஷாஸ்டா போன்ற வேறு பழைய இழுவை வீடுகளில் உள்ளே பிர்ச் மர ப்ளைவுட். வெள்ளை அடித்தால், பழைய நீர்க்கறை பழுப்பாக மேலே வந்து எட்டிப்பார்க்கும். எத்தனை கோட் அடித்தாலும் வரும். அதை அடக்குவது அரக்கு பிரைமர்தான். ஜார்க்கண்ட் காடுகளில் பூச்சிகள் மரக்கிளையில் சுரக்கும் அதே அரக்கு! எனக்கு இதை நினைத்தாலே சிலிர்க்கும்.

கடைசியாக, புதிதாக அடித்த அலமாரிக் கதவுகள். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். மூடினால் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். லேட்டக்ஸ் முழுதாக இறுக 30 நாள்கூட ஆகும். அதுவரை கதவுகளைக் கழற்றியே வையுங்கள்.