முதற் சாக்ஷியின் முத்திரை

கணினி விழித்தவுடன் ஓடும் முதல் நிரல் கெட்டிருந்தால் பின்வரும் காவலெல்லாம் வீணே. ஆகையால் ஒவ்வொரு நிரலும் அடுத்ததை அளந்து, அதன் ஹாஷ் முத்திரையை டி.பி.எம். சில்லில் பதிந்த பின்னரே அதிகாரத்தை ஒப்புவிக்கிறது. பழைய பதிவோடு புதியதைக் கூட்டி மீண்டும் முத்திரையிடுவதால், இயந்திரத்தை மறுபடி துவக்கினாலன்றி எழுதியதை அழிக்கவொண்ணாது.

எந்த ஹாஷ் என்பதே வழக்கு. 1995-ல் அமெரிக்க அரசாங்கம் வெளியிட்ட ஷா-1, 160 பிட் அளவினது. 2017-ல் கூகிளாரும் ஆம்ஸ்டர்டாம் ஆராய்ச்சி நிலையத்தாரும் வெவ்வேறான இரு பி.டி.எப். கோப்புகளுக்கு ஒரே முத்திரை விழச் செய்து காட்டினர். இருவருக்கு ஒரே கைரேகை வாய்த்தால் பத்திரம் என்னாவது? 2030 முடிவுக்குள் அதை ஒழிக்குமாறு அமெரிக்கத் தர நிர்ணய நிலையம் 2022-ல் அறிவித்துவிட்டது. ஷா-256 இருக்க இதைக் கட்டி அழுவானேன்?

பழைய 1.2 சில்லுக்கு வேறொன்றும் தெரியாதென்பர். மெய்யே, அதற்காகப் புதியவையும் அப்பாரத்தைச் சுமப்பது நியாயமன்று. ஆயினும் நம் கக்ஷியாரிற் சிலர், 2.0 சில்லில் ஷா-1 பக்கத்தை வெறுமையாய் விட்டுவிடலாம் என்கின்றனர். இதை நாம் ஒப்போம். வெற்றுக் காகிதத்தில் கையொப்பமிட்டுக் கொடுப்பதற்கு அது சமானம். பின்னால் வரும் வஞ்சகன் தனக்கு வேண்டிய அளவுகளை அதில் வரிசையாய் எழுதி, நல்ல இயந்திரமென்று சாக்ஷி காட்டுவான். அப்பக்கத்தை அறவே மூடுக. அன்றேல் துவக்கத்திலேயே பயனற்ற ஓர் எண்ணை அதிற் பதிந்து கெடுத்துவிடுக. ஷா-256 கோரும் அன்பர்கள் இவ்வேலையையும் சேர்த்தே கோருவாராக.