உங்களுக்குத் தெரியுமா? காப்பர்-டி பற்றிக் கேட்க வேண்டியவை, சொல்ல வேண்டியவை

● காப்பர்-டி 380ஏ என்கிறார்களே, அந்த 380 என்ன கணக்கு? கருத்தடைக்காகக் கருப்பைக்குள் வைக்கும் இந்த டி வடிவப் பிளாஸ்டிக்கின் மேல் உள்ள செம்பின் பரப்பு 380 சதுர மில்லிமீட்டர். நடுத்தண்டில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். இரண்டு கைகளிலும் செம்புப் பட்டை இருக்கும். அரசு மருத்துவமனையில் இலவசம். 10 ஆண்டு வரை வேலை செய்யும். 375 என்று இன்னொரு வகையும் உண்டு, அதற்கு 5 ஆண்டு.

● கருவைக் கலைத்துவிடும் என்று பயந்தே இதை வேண்டாம் என்பவர்கள் பலர். உண்மையில் செம்பிலிருந்து கசியும் அயனிகள் விந்தணுக்களை முடக்கிவிடுகின்றன. அதனால் பெரும்பாலும் கரு உண்டாவதே இல்லை. பொருத்திக்கொண்ட 1,000 பேரில் முதல் ஆண்டில் கர்ப்பமாகிறவர்கள் சுமார் 8 பேர்தான்.

● பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகு 5 நாட்களுக்குள் காப்பர்-டி வைத்துக்கொண்டால் அவசரக் கருத்தடையாகவும் அது பயன்படும். இதில் அவசர மாத்திரையைவிட நம்பகமானது.

● உதிரப்போக்கு கூடும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முதல் 3 முதல் 6 மாதம் வரை மாதவிலக்கின்போது இரத்தம் அதிகமாகப் போகலாம், நாட்கள் நீளலாம், அடிவயிறு இழுத்துப் பிடித்து வலிக்கலாம், இடையிடையே திட்டுத்திட்டாகப் படலாம். பலருக்கு இது தானாகக் குறைகிறது. ஐபுப்ரோஃபன் போன்ற மாத்திரையை டாக்டர் சொன்னபடி அந்த நாட்களில் எடுத்துக்கொண்டால் வலியும் போக்கும் தணியும்.

ஆனால் எல்லோருக்கும் குறைவதில்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஏற்கெனவே சோகை பிடித்த உடம்பிலிருந்து மாதாமாதம் கூடுதலாக இரத்தம் போவது சின்ன விஷயம் இல்லை. வைப்பதற்கு முன் ஹீமோகுளோபின் பாருங்கள் என்று கேளுங்கள். வைத்தபின் தலைசுற்றல், மூச்சிரைப்பு, மணிக்கொரு நாப்கின் மாற்றும் நிலை என்று வந்தால் உடனே போய்ச் சொல்லுங்கள். “எல்லாருக்கும் இப்படித்தான், போகப்போகச் சரியாகிடும்” என்று பரிசோதிக்காமலே அனுப்பினால் திரும்பவும் போய்ச் சொல்லுங்கள்.

● நம் பாட்டிமார்களின் ‘லூப்’ வேறு. அமெரிக்காவின் பஃபலோ நகரைச் சேர்ந்த டாக்டர் ஜாக் லிப்பிஸ் 1960-களில் உருவாக்கிய அந்தச் சாதனத்தில் செம்பே கிடையாது. வளைந்து வளைந்து போகும் வெறும் பிளாஸ்டிக். இந்திய அரசு 1965-இல் அதை நாடெங்கும் கொண்டுபோனது. கான்பூரில் தயாரிக்கவும் செய்தார்கள். இத்தனை பேருக்கு வைத்தாக வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். உதிரம் கூடும் என்று முன்கூட்டிச் சொல்லவோ, பிறகு வந்து பார்க்கவோ பல இடங்களில் ஆள் இல்லை. ஊருக்கு ஊர் பேச்சுப் பரவி, சில ஆண்டுகளிலேயே திட்டம் சரிந்தது. அன்று அந்தப் பேச்சை ‘வதந்தி’ என்று ஒதுக்கினார்கள். அதில் பெரும்பகுதி பெண்கள் தங்கள் உடம்பில் பட்டது என்றே நான் நினைக்கிறேன்.

● அமெரிக்காவில் 1971 முதல் 1974 வரை ‘டால்கன் ஷீல்டு’ என்றொரு கருப்பைச் சாதனம் விற்றது. கருப்பைக்கு வெளியே தொங்கும் அதன் நூல், உறைக்குள் அடைத்த பல இழைகளின் கட்டு. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல அது கிருமிகளைக் கருப்பைக்குள் இழுத்துக்கொண்டது. கடும் தொற்றும் கருச்சிதைவும் உயிரிழப்பும் நேர்ந்தன. ஆயிரக்கணக்கான பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள், அதைத் தயாரித்த ஏ.எச். ராபின்ஸ் நிறுவனம் 1985-இல் திவால் மனு போட்டது. இன்றைய காப்பர்-டியின் நூல் ஒற்றை இழை.

● தொற்று வரும் வாய்ப்பு பொருத்திய முதல் 20 நாட்களில்தான் சற்று அதிகம். காய்ச்சல், அடிவயிற்று வலி, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் மூன்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

● காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறிவிடும் என்பார்கள். கருப்பையிலிருந்து நெஞ்சுக்கு அதற்கு வழியில்லை. அரிதாக, சுமார் 1,000-இல் ஒருவருக்கு, பொருத்தும்போது கருப்பைச் சுவரைத் துளைத்துவிடுவது உண்டு. அப்போது ஸ்கேனோ எக்ஸ்ரேயோ எடுத்துக் கண்டுபிடித்து அகற்ற வேண்டும். அதைவிட அதிகம் நடப்பது, தானாக நழுவி வெளியே வந்துவிடுவது: முதல் ஆண்டில் 100 பேரில் 2 முதல் 10 பேருக்கு. மாதவிலக்கோடு போய்விட்டதை அறியாமலே இருந்துவிட்டுக் கர்ப்பமானவர்கள் உண்டு. மாதவிலக்கு முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நூல் விரலில் படுகிறதா என்று பாருங்கள், இழுக்க வேண்டாம். நூல் தட்டுப்படாவிட்டாலோ, நீண்டிருந்தாலோ, கெட்டியாகப் பிளாஸ்டிக் தட்டுப்பட்டாலோ டாக்டரைப் பார்க்கும்வரை ஆணுறை அவசியம்.

● பொருத்தும்போது வலிக்குமா? சிலருக்குச் சுருக்கென்று ஒரு இழுப்போடு முடிந்துவிடும். சிலருக்குக் கண் இருட்டி மயக்கமே வரும், குறிப்பாகச் சுகப்பிரசவம் ஆகாதவர்களுக்கு. அந்த வலியை டாக்டர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-இல் தன் வழிகாட்டலைத் திருத்தி, வலியைப் பற்றிப் பெண்ணிடம் முன்னதாகவே பேச வேண்டும், மரத்துப்போகச் செய்யும் லிடோகெயின் உதவக்கூடும் என்று சேர்த்தது. வலிக்கு என்ன தருவீர்கள் என்று இங்கேயும் தயங்காமல் கேட்கலாம்.

● பிரசவம் ஆனவுடனேயும் காப்பர்-டி வைப்பார்கள். நஞ்சுக்கொடி வெளியேறிய 10 நிமிடத்துக்குள் வைப்பது சிறந்தது, 48 மணி நேரம் வரை வைக்கலாம். அதைத் தாண்டினால் 6 வாரம் பொறுக்க வேண்டும். இப்படி வைத்தது நழுவும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். அரசின் வழிகாட்டலே, கர்ப்பகாலப் பரிசோதனையின்போது விளக்கி, சம்மதம் பெற்றுத்தான் வைக்க வேண்டும் என்கிறது. இடுப்புவலியில் துடித்துக்கொண்டிருப்பவளிடம் கேட்டு வாங்கும் ‘சரி’யைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வீட்டுக்குக் கிளம்பும்போது, எனக்குக் காப்பர்-டி வைத்திருக்கிறீர்களா, எந்த வகை, எப்போது காட்ட வர வேண்டும் என்று கேட்டு, அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

● கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம், உதிரப்போக்கில் காப்பர்-டிக்கு நேர்மாறு. பின்லாந்தில் 1990-இல் அனுமதி பெற்ற இதில் 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் உண்டு. முதல் சில மாதம் கண்ட நேரத்தில் திட்டுப்படும், பிறகு உதிரம் குறையும். ஓராண்டில் ஐந்தில் ஒருவருக்கு மாதவிலக்கே நின்றுபோகலாம். அதனால் கெடுதல் இல்லை. பெரும்பாட்டுக்குச் சிகிச்சையாகவும் இதை வைக்கிறார்கள். முகப்பரு, மார்பு வலி, மனநிலை மாற்றம் சிலருக்கு வருகின்றன. விலை அதிகம்.

● கிரீன்லாந்தில் 1966 முதல் 1970 வரை மட்டும் சுமார் 4,500 இனுயிட் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் டென்மார்க் மருத்துவர்கள் லூப் பொருத்தினார்கள். மக்கள்தொகையைக் குறைப்பதே நோக்கம். பலரிடம் கேட்கவே இல்லை. பள்ளிச் சிறுமிகளின் பெற்றோருக்கும் தெரியாது. தனக்குள் இப்படி ஒன்று இருக்கிறது என்று பல ஆண்டு கழித்து வேறொரு டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டவர்கள் உண்டு. உளவியலாளர் நாயா லுபெர்த் முதலில் வெளியே பேசினார். 2024-இல் 143 பெண்கள் டென்மார்க் அரசின்மேல் வழக்குத் தொடுத்தார்கள். 2025 செப்டம்பரில் டென்மார்க் பிரதமர் மெட்டே ஃபிரெடெரிக்சன் கிரீன்லாந்தின் தலைநகர் நூக்குக்கே போய் மன்னிப்புக் கேட்டார்.

● வயதாகி மாதவிலக்கு நின்றபின் சாதனத்தை உள்ளேயே விட்டுவிடக் கூடாது. கடைசி மாதவிலக்குக்கு ஓராண்டு கழித்து எடுத்துவிட வேண்டும். உங்கள் அம்மாவுக்கோ அத்தைக்கோ எப்போதோ வைத்தது இன்னும் இருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள்.

● 10 ஆண்டு என்றால் 10 ஆண்டும் வைத்திருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒத்துவரவில்லை, வேண்டாம் என்று தோன்றினால் எந்த மாதமும் எடுக்கச் சொல்லலாம். சில நிமிட வேலை. எடுத்தவுடனேயே கருத்தரிக்கும் திறன் திரும்பிவிடும். உடனே குழந்தை வேண்டாம் என்றால் எடுப்பதற்கு 7 நாள் முன்பிருந்தே ஆணுறை பயன்படுத்துங்கள்.