நாற்பது மணித்தியாலத்துக்கு ஒரு ட்ரக்டரா?

கல்முனைக் கரையோரத்தில் முதல் உழவு மெசின் வாங்க எண்ணுவோருக்கு

ஐந்து ஏக்கர் வயல் உள்ள ஒருவர் தன் வயலை உழுவதற்கென்றே ஒரு சின்ன ட்ரக்டர் வாங்கினால், அது வருஷத்தில் எத்தனை மணித்தியாலம் வேலை செய்யும்? கணக்கு எளிது. நான்கடி அகல ரொட்டவேட்டர் பூட்டிய ட்ரக்டர் மணிக்கு மூன்று கிலோமீற்றர் வேகத்தில் போகிறது என்று வைப்போம். வரம்போரம் திரும்புவதும் மூலை மடக்குவதும் சேர்த்தால், ஒரு ஏக்கரை ஒருமுறை கலக்க ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். இரண்டுமுறை கலக்க மூன்று. அதற்கு முன் கொக்கிக் கலப்பையால் ஓர் உழவு, இன்னொரு மணித்தியாலம். ஏக்கருக்கு நான்கு, ஐந்து ஏக்கருக்கு இருபது. பெரும்போகத்தையும் சிறுபோகத்தையும் கூட்டினால் நாற்பது. மற்ற நாளெல்லாம் மெசின் வளவுக்குள் தறப்பாள் மூடிக் கிடக்கும். லீசிங் தவணை மட்டும் மாதம் தவறாமல் வரும்.

இந்தக் கணக்குத் தெரிந்த பிறகும் ஆட்கள் ட்ரக்டர் வாங்குகிறார்கள் என்றால், அதற்கு நியாயமான காரணம் உண்டு. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊர்கள் கடலோர மணற்பரப்பில் நெருங்கிக் கிடக்கின்றன. வயல் வட்டைகள் மேற்கே விரிகின்றன. அவற்றில் பெரும்பகுதிக்குத் தண்ணீர் இங்கினியாகலையில் கல்லோயாவை மறித்துக் கட்டிய சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து வருகிறது. எப்போது வாய்க்காலில் தண்ணீர் விடுவது, எந்தத் திகதிக்குள் விதைத்து முடிப்பது, எப்போது மறிப்பது என்பதெல்லாம் போகத் தொடக்கக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே ஒரு வட்டையில் எல்லாருக்கும் உழவு ஒரே கிழமையில்தான் வரும். கூலிக்கு வரும் ட்ரக்டர்காரர் ஐம்பது ஏக்கர்ப் போடியாரின் வயலை முடித்துவிட்டுத்தான் ஐந்து ஏக்கர்க்காரரின் பக்கம் திரும்புவார். பத்து நாள் பிந்தி விதைத்தவரின் கதிர் பால்பிடிக்கும்போது வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிடலாம். சொந்த ட்ரக்டர் வாங்குகிறவர் உண்மையில் காசு கொடுப்பது அந்தத் திகதிக்குத்தான்.

அதனால் ஷோரூமுக்குள் காலடி வைக்கும் முன் இரண்டு விஷயம் தெளிவாக வேண்டும். அந்தத் திகதியின் பெறுமதி உங்களுக்கு எவ்வளவு? சொந்த வயலின் நாற்பது மணித்தியாலம் போக மிச்ச மணித்தியாலங்களை எந்த வேலையால் நிரப்புவீர்கள்?

எதை இயந்திரமாக்குகிறோம்?

இந்தக் கேள்வியை இந்த நாட்டில் ஆழமாக எழுப்பியவர், ஆச்சரியமாக, ட்ரக்டர் வடிவமைத்த ஒருவரே. 1924இல் பிறந்த பொறியியலாளர் ரே விஜேவர்தன 1950களில் பிரித்தானியாவில் ‘லேண்ட்மாஸ்டர்’ இரு சக்கர உழவு இயந்திரத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். நம் வயல்களில் கையால் பிடித்து நடத்தும் எந்த மெசினுக்கும் பிற்காலத்தில் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பிறகு ஹார்வார்டில் அவர் நிகழ்த்திய ஒரு விரிவுரையில், நீங்கள் இயந்திரமாக்கியது விவசாயத்தையா, எருமை மாட்டையா என்று கேட்கப்பட்டதாக அவரே சொல்லி வந்தார். அந்தக் கேள்வி அவரை விடவில்லை. நைஜீரியாவில் வெப்பமண்டல விவசாய ஆய்வு நிறுவனத்தில் வேலை செய்த காலத்தில் உழாமலே பயிரிடும் முறைகளின் பக்கம் திரும்பினார். 2010இல் காலமாகும்வரை, மண்ணைத் தேவைக்கு மேல் கிளறுவது அறிவீனம் என்று பேசிக்கொண்டேயிருந்தார்.

நெல்வயலை உழாமல் விடச் சொல்ல இதைக் குறிப்பிடவில்லை. சேறாக்கிய வயலின் அடியில், பதினைந்து இருபது சென்ரிமீற்றர் ஆழத்தில், தலைமுறை தலைமுறையாக மிதிபட்டு இறுகிய ஒரு தட்டு இருக்கிறது. தண்ணீரைத் தாங்குவதும் அதுதான், ட்ரக்டரைத் தாங்குவதும் அதுதான். பெரிய மெசின் எடுத்த உற்சாகத்தில் டிஸ்க் கலப்பையை ஆழ இறக்கினால் அந்தத் தட்டு உடையும். பிறகு வயலில் தண்ணீர் நிற்காது. அடுத்த போகம் மெசின் அச்சுவரை புதையும். ஆழமாக உழுதால் நன்றாக விளையும் என்பது மேட்டு நிலத்தில் சில இடங்களுக்குப் பொருந்தலாம். வட்டைக்குப் பொருந்தாது.

பின்னால் பூட்டுவதில் தொடங்குங்கள்

வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது குதிரைவலுவை. முதலில் தீர்மானிக்க வேண்டியது பின்னால் பூட்டும் சாமானை. ட்ரக்டரின் பின்புறத்தில் உள்ள மூன்று புள்ளிப் பூட்டு, அயர்லாந்துக்காரரான ஹரி பேர்குசன் முழுமையாக்கி 1930களில் சந்தைக்குக் கொண்டுவந்த ஏற்பாடு. கலப்பையின் பாரத்தையும் இழுவையையும் பின்சில்லுகளின் மேல் சாய்ப்பதால், எடை குறைந்த ட்ரக்டரும் கனமான வேலை செய்ய முடிந்தது. நம் ஊரில் இன்னும் ஓடும் பழைய ‘மெஸி’, அதாவது மெஸி பேர்குசன், தாங்கி நிற்பது அந்தப் பேர்குசனின் பெயரைத்தான். 1960இல் சென்னையில் தொடங்கிய டஃபே நிறுவனம் அதே வம்சத்து மெசின்களைச் செய்துவருகிறது.

சின்ன ட்ரக்டருக்குப் பூட்டின் அளவு முதலாம் வகை. பெரியதற்கு இரண்டாம் வகை. ஊசியின் பருமனே வேறு. அண்ணனின் 50 குதிரைவலு மெசினுக்கு எடுத்த கலப்பையைத் தம்பியின் 27 குதிரைவலு மெசினில் மாட்டலாம் என்று நினைத்தால், முதலில் ஊசி பொருந்தாது; பொருத்தினாலும் இழுக்காது.

நம் வயலுக்கு அத்தியாவசியமானவை நான்கு. முதலாவது ரொட்டவேட்டர். அகலத்தில் ஓரடிக்கு ஆறு முதல் எட்டுக் குதிரைவலு என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. அதையும் இயந்திரத்தின் வலுவை வைத்துப் பார்க்கக் கூடாது. ரொட்டவேட்டரைச் சுழற்றும் பின்தண்டுக்கு வந்து சேரும் வலு அதைவிடப் பத்துப் பதினைந்து வீதம் குறைவு. 27 குதிரைவலுவுக்கு ஐந்தடி ரொட்டவேட்டரைத் தலையில் கட்டும் விற்பனையாளரிடம் எச்சரிக்கையாக இருங்கள். இரண்டாவது கொக்கிக் கலப்பை. மழையை நம்பிப் புழுதி விதைப்புச் செய்யும் மானாவாரிக் காணிக்கு இது முக்கியம். மூன்றாவது மட்டப்பலகை. நான்கிலும் விலை குறைந்தது, பலன் கூடியது. மேடும் பள்ளமுமான கண்டத்தில் மேட்டில் புல் முளைக்கும், பள்ளத்தில் விதை அழுகும். ஒழுங்காகப் பலகை அடித்த வயலுக்குக் களைநாசினிச் செலவும் குறையும். நான்காவது இரும்புச் சில்லு. சேற்றில் டயர் சறுக்கும்போது அதுதான் பிடிமானம். அதோடு தார் வீதியில் ஏறாதீர்கள். வீதியும் கெடும், அச்சும் கெடும்.

பின்னால் இழுத்துப் போகும் பெட்டி இந்த நான்கில் சேராது. ஆனால் மிச்ச மணித்தியாலங்களை நிரப்புவது பெரும்பாலும் அதுதான். நெல்மூடை, உரம், மணல், செங்கல், வைக்கோல் என்று வருஷம் முழுக்க ஏற்றி இறக்கும் வேலை உண்டு. பெட்டிக்கும் மெசினுக்கும் பதிவு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சாரதி அனுமதிப்பத்திரத்திலும் உழவு இயந்திரத்துக்குத் தனி வகுப்பு உண்டு.

எந்த மெசின்?

இரண்டு ஏக்கருக்குள் என்றால் கையால் நடத்தும் இரு சக்கர மெசினே போதும். விலையும் குறைவு, சின்னக் கண்டத்தில் திரும்புவதும் சுலபம். இருபது முப்பது ஏக்கரை உழுது கூலிக்கும் போகப் போகிறவருக்கு 45 குதிரைவலு பொருத்தம். ஆனால் அந்த வகை இரண்டு தொன் பாரத்தை நெருங்கும். இடையில் இருப்பவருக்குத்தான் ஒரு தொன்னைச் சுற்றிய எடையுள்ள, நான்கு சில்லும் இழுக்கும் சின்ன ட்ரக்டர். எடை குறைவு என்பதால் சேற்றில் குறைவாகப் புதையும். முன் அச்சுக்குள் சேறும் தண்ணீரும் புகாதபடி நன்றாக அடைக்கப்பட்ட வகையா என்பதை மட்டும் விசாரியுங்கள்.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியபோது புதிய மெசினின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. பாவித்ததன் விலையும் கூடவே ஏறியது. ஆனாலும் பலர் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த சின்ன ட்ரக்டர்களைப் பார்க்கிறார்கள். நெல்வயலுக்கென்றே செய்யப்பட்டவை, நல்ல மெசின்கள். சிக்கல் உதிரிப்பாகம். ஜப்பானுக்குள் விற்கச் செய்த மொடலுக்கு இங்கே சாமான் கிடைப்பது அரிது. விதைப்புக் கிழமையில் ஒரு சீல் உடைந்து மெசின் பத்து நாள் நின்றால், வாங்கியதன் நோக்கமே போச்சு. வாங்கும் முன் ஊர்க் கராஜ்காரரைக் கூட்டிப்போங்கள். அவருக்குத் தெரியாத மெசினை வாங்காதீர்கள்.

பாவித்ததைப் பார்க்கும்போது இயந்திரம் குளிர்ந்திருக்கையில் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது. கியர் எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ரொட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி இயந்திரத்தை அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம் பாருங்கள். விரைவாக இறங்கினால் ஹைட்ரோலிக் தேய்ந்திருக்கிறது. கடற்கரையில் தோணி இழுத்த மெசினென்றால் பேரிங்குகளையும் துருவையும் தனியாகப் பரிசோதியுங்கள்.

காசு எங்கிருந்து?

வட்டியைத் தவிர்க்க விரும்பும் நம் ஊர்களில் இது பெரிய கேள்வி. 2005இல் வங்கிச் சட்டத்தில் செய்த திருத்தம் இஸ்லாமிய வங்கி முறைக்கு வழிவிட்டது. 2011இல் அமானா வங்கி முழுமையான இஸ்லாமிய வங்கியாகத் தொடங்கியது. முறாபஹாவில் வங்கி மெசினை வாங்கி, தன் இலாபத்தை வெளிப்படையாகச் சொல்லி உங்களுக்கு விற்கிறது. பேசிய விலை பிந்தினாலும் ஏறக்கூடாது. இஜாராவில் மெசின் வங்கியின் சொத்து. நீங்கள் வாடகை கட்டுகிறீர்கள், கடைசியில் அது உங்கள் பெயருக்கு மாறுகிறது. சொத்து வங்கியுடையது என்றால் சொத்துக்குரிய பொறுப்பும் அதனுடையதாக இருக்க வேண்டும். எனவே கையெழுத்துக்கு முன் ஒன்று கேளுங்கள்: வெள்ளத்தில் மெசின் போனால் நட்டம் யாருக்கு?

எந்த முறையானாலும் தவணையை மாதமாக ஒத்துக்கொள்ளாதீர்கள். வேளாண்மைக்காரனின் கையில் காசு வருவது வருஷத்தில் இரண்டு முறை. அறுவடையை அடுத்துப் பெரிய தவணை, இடையில் சின்னது என்று பேசிப் பாருங்கள். கேட்டுப் பார்க்காதவருக்குத்தான் மாதத் தவணை கட்டாயம்.

உயிர்க் கணக்கு

ரொட்டவேட்டரைச் சுழற்றும் பின்தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று. அதாவது ஒரு செக்கனுக்கு ஒன்பது. சாறன் நுனி அதில் சிக்கினால் கையை எடுக்கும் முன் ஆள் சுற்றப்பட்டிருப்பார். தண்டின் மேல் உள்ள பிளாஸ்ரிக் உறையைக் கழற்றிப் போடுவது நம் வழக்கம்; அதை உடனே கைவிட வேண்டும். வேலைக்கு நீளக் காற்சட்டை போடுங்கள்.

சேற்றில் புதைந்த மெசினை எடுக்கப் பின்சில்லில் மரக்கட்டை கட்டி முன்னே ஓட்டுவதும் ஆபத்து. சில்லு சுற்ற முடியாதபோது மெசின் தானே நிமிர்ந்து பின்னால் கவிழும். குதிக்க நேரம் கிடைக்காது. பின்கியரில் எடுங்கள், அல்லது இன்னொரு மெசினால் தாழ்ந்த கொக்கியில் கட்டி இழுங்கள். கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புச் சட்டத்தைப் புதிய ட்ரக்டர்களுக்கு 1959இலேயே சுவீடன் கட்டாயமாக்கியது. அங்கே மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. இடைஞ்சலாக இருக்கிறது என்று சட்டத்தைக் கழற்றுவது எந்தக் கணக்கிலும் சேராது.

2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளியில், வெள்ளம் பாய்ந்த வீதியால் மதரஸா மாணவர்களை ஏற்றிப்போன உழவு இயந்திரம் அள்ளுண்டது. அந்தப் பிள்ளைகளின் ஜனாஸாக்களை இந்தக் கரையோரம் மறக்காது. உயரமான சில்லு வெள்ளத்தைத் தாண்டும் என்ற நம்பிக்கை பொய். ஓடும் தண்ணீர் பெட்டியைப் பக்கவாட்டில் தள்ளும்போது மெசினும் சேர்ந்து போகும். பெட்டி சாமானுக்கு உரியது, ஆட்களுக்கு அல்ல.

கூட்டாக வாங்கலாமா?

அண்ணன் தம்பி மூவர் சேர்ந்து ஒரு ட்ரக்டர் வாங்கும் யோசனை அடிக்கடி வருகிறது. மூவரின் வயலும் ஒரே வாய்க்காலில் இருந்தால் மூவருக்கும் ஒரே கிழமையில் மெசின் வேண்டும். சண்டை அங்கேதான் தொடங்கும். ஒருவரின் காணி கல்லோயாத் தண்ணீரிலும் மற்றவரின் காணி பொத்துவில் பக்கத்து மானாவாரியிலும் இருந்தால் கூட்டு நிலைக்கும். இல்லாவிட்டால் மெசினைத் தனியாக வைத்துக்கொண்டு, போகத்துக்கு ஒன்றிரண்டு நாள் மட்டும் வேலையுள்ள சாமான்களைக் கூட்டாக வாங்குங்கள்: கொக்கிக் கலப்பை, மட்டப்பலகை, தண்ணீர் பௌசர். ரொட்டவேட்டரை மட்டும் பங்கு போடாதீர்கள். விதைப்புக் கிழமையில் அது எல்லாருக்கும் ஒரே நாளில் தேவைப்படும்.