மதகடியில் மூன்று நாவல்கள்

படித்த கையோடு… 9

பொன்னியின் செல்வனை மூன்றாம் முறையாகப் பிரித்தது பாகூர் ஏரிக்கரையில்தான். மார்கழி பிறந்திருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஏரி தளும்பி நின்றது. மதகைப் பார்த்துவரச் சித்தப்பா தினமும் சாயங்காலம் கிளம்புவார். முட்டி வலி என்பதால் வண்டியில் உட்காரவைத்து நான்தான் கூட்டிப்போவேன். தண்ணீர் மட்டத்தைப் பார்த்து, கரையில் நிற்கும் நாலு பேரிடம் நவரை நடவு பற்றிப் பேசி முடிக்க அவருக்கு ஒரு மணி நேரமாகும். அந்த ஒரு மணி நேரம் எனக்கும் வந்தியத்தேவனுக்கும்.

மறுபடி படிக்கவைத்தவள் அக்கா மகள். 2022 செப்டம்பரில் படத்தின் முதல் பாகம் வந்தது. அடுத்த ஏப்ரலில் இரண்டாவதையும் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள். "மாமா, புத்தகத்துல நந்தினிக்கு என்னதான் ஆவுது?" என்றாள். எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. பன்னிரண்டு வயதில் அத்தை வீட்டில் வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்த பைண்டு புத்தகத்தில் படித்தது. நடுவில் பல அத்தியாயங்கள் இருக்காது. கல்லூரி நாளில் படித்தது ஒரே ஓட்டம். "படிச்சிட்டுச் சொல்றேன்" என்றேன். சொன்னபடி உட்கார இத்தனை நாள் ஆகிவிட்டது.

கல்கி அதை 1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை வருஷம் வாரா வாரம் எழுதினார். அடுத்த வாரம் வரை காத்திருக்கவைக்கும் வித்தை ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் இருக்கிறது. இந்த வயதிலும் அது என்னை இழுத்துக்கொண்டு போனது. ஆனால் இந்த முறை நான் தடுக்கி நின்றது முதல் அத்தியாயத்திலேயே. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரியின் கரை மேல் குதிரையில் வருகிறான் வந்தியத்தேவன். எழுபத்து நான்கு கணவாய்களிலும் தண்ணீர் குபுகுபுவென்று பாய்கிறது. படையெடுத்துப் போகிற வழியில் வீரர்களைச் சும்மா வைத்திருக்காமல் சோழ இளவரசர் இராஜாதித்தர் வெட்டவைத்த ஏரி என்கிறார் கல்கி. அந்த ஒரு பக்கத்தில் உழவர், பெண்கள், சித்திரான்னம், கும்மி, தண்ணீரின் சத்தம் எல்லாம் இருக்கிறது. பக்கம் திரும்பினால் ஏரி பின்னால் போய்விடுகிறது, குதிரை கடம்பூருக்குப் போய்விடுகிறது. சின்ன வயதில் நானும் குதிரையோடு போனேன். இப்போது இறங்கிக்கொள்ளத் தோன்றியது. கரையிலேயே கொஞ்சம் உட்கார்ந்து, அந்த மதகைத் திறப்பவன் யார், அவனுக்கு என்ன கூலி, கடைமடைக்குத் தண்ணீர் போகிறதா என்று கேட்க ஆசை.

இன்னொரு இடத்திலும் நின்றேன். தக்கோலத்துப் போரில் இராஜாதித்தர் யானை மேல் இருந்தபடியே மாண்டது 949-இல். ஜெயித்தவன் இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், நம் கல்வெட்டுகளில் கன்னரதேவன். நாவலில் அவன் பழைய பகை. சோழ வீட்டில் ஒரு தலைமுறையைக் காயப்படுத்திவிட்டுப் போன பெயர், அவ்வளவுதான். பாகூர் மூலநாதர் கோயில் சுவரில் அதே கன்னரதேவனின் ஆட்சியாண்டு போட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. அந்தச் சில வருஷங்கள் எங்கள் ஊரில் கோயில் விளக்குக்கு எழுதிவைத்தவர்களும் நிலம் விட்டவர்களும் அவன் பெயரைச் சொல்லித்தான் வருஷம் எண்ணினார்கள். காஞ்சியில் பொன்மாளிகை கட்டிக்கொண்டு சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொதிக்கும் அத்தியாயங்களை, இது மனதில் இருக்கும்போது வேறு மாதிரி படித்தேன். காஞ்சிக்கும் தஞ்சைக்கும் நடுவில் கிடக்கிற ஊர்க்காரன் அல்லவா நான். மேலே யார் வந்தாலும் கீழே விளக்கு எரிய வேண்டும், ஏரி மராமத்து நடக்க வேண்டும்.

எங்கள் ஏரிக்கும் ஒரு கதை உண்டு. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணையிலிருந்து பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்க்குப் பங்காரு வாய்க்கால் என்று பெயர். சிங்காரி, பங்காரி என்ற தாசிகுலத்துச் சகோதரிகள் தங்கள் நகைநட்டையெல்லாம் விற்று வெட்டிய வாய்க்கால் என்று ஊரில் சொல்வார்கள். புதுச்சேரி பாரதி பூங்காவில் வெள்ளை வெளேரென்று நிற்கும் ஆயி மண்டபத்துக்கும் இதேபோல ஒரு கதைதான். தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டிய தாசி ஆயி. அந்த முத்திரையர்பாளையம் குளத்துத் தண்ணீர்தான் பிற்பாடு பட்டணத்துக்குப் போனது. இந்தப் பக்கத்தில் தண்ணீர்க் கதை எது சொன்னாலும் கடைசியில் ஒரு பெண்ணிடம் வந்து நிற்கிறது. நந்தினிக்காக ஐந்து பாகம் படித்தவர்களுக்குச் சிங்காரியையும் பங்காரியையும் ஐந்து பாகம் படிக்கப் பொறுமை இருக்கும் என்று நம்புகிறேன். அப்படி ஒரு நாவல் என் கைக்கு இன்னும் வரவில்லை.

அடுத்து எடுத்தது பிரபஞ்சனின் 'வானம் வசப்படும்'. 1995-இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கிய நாவல். புதுச்சேரிக்காரர்கள் வீட்டில் இருக்கும், படித்திருக்க மாட்டார்கள் என்று வில்லியனூர் நண்பர் ஒருவர் வருத்தத்தோடு சொல்வார். நானும் அந்தக் கணக்கில்தான் இருந்தேன். ரோமன் ரோலண்ட் நூலகத்திலிருந்து எடுத்துவந்தேன். 1827-இல் தொடங்கிய நூலகம் அது. அங்கிருந்து ஒரு புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவரும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரும்.

கல்கியை முடித்த சூட்டில் பிரபஞ்சனுக்குள் போனால் முதலில் வெளிச்சம் குறைந்தது போல இருக்கிறது. பிறகு கண் பழகிவிடுகிறது. இங்கே பெரிய மனிதர்கள் எல்லோரும் கடன்காரர்கள், காரியக்காரர்கள். குவர்னர் துய்ப்ளேக்சு துரைக்குப் பணம் வேண்டும், துரைசானிக்கு அதிகாரம் வேண்டும். நடுவில் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை. எல்லாம் தெரிந்தவர், எதையும் வாய் திறந்து சொல்ல முடியாதவர். குவர்னர் கேட்டதற்குப் பதில் சொல்வதற்கு முன் அவர் மனதில் ஓடுகிற நாலு பதில்களைப் பிரபஞ்சன் காட்டும்போது, வேலைக்குப் போய் மேலதிகாரி முன் நின்ற யாருக்கும் வயிற்றில் ஒரு பிசைவு வரும். எனக்கு வந்தது. பிள்ளை 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்புதான் இந்த நாவலுக்கு விதைநெல். 1748-இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிபட்டதைப் பிள்ளையே அதில் எழுதிவைத்திருக்கிறார். கண் முன்னே இடிவதைத் தடுக்க முடியாமல் வீட்டுக்குப் போய் அதை எழுதுகிற கை எப்படி நடுங்கியிருக்கும் என்று அன்று ராத்திரி வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிரபஞ்சன் 2018-இல் போய்விட்டார். இருந்திருந்தால் ஒன்று கேட்டிருப்பேன். பட்டணத்துக்குள் ஒரு தெரு விடாமல் கூட்டிப்போனீர்கள் ஐயா, அந்தப் பட்டணத்துக்கு நெல் அனுப்பிய ஊர்களுக்கு எப்போது வருவீர்கள்? 1752-இல் பாகூரில் ஒரு போர் நடந்தது. லாரன்சின் ஆங்கிலேயப் படை, கெர்ஷானின் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த இடம் இது. சண்டை இரண்டு கம்பெனிகளுக்கு, மிதிபட்டது பாகூர் வயல். பள்ளிக்கூடத்தில் எனக்கு இது யாரும் சொல்லவில்லை. வில்லியனூர்த் தேரைக் குவர்னர் வடம் பிடிக்கும் பழக்கம் பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து இன்றுவரை வைகாசிதோறும் தொடர்கிறது. அவர் பிடிக்கும் வடத்தின் கடைசியில் இழுக்கிற ஆயிரம் கைகளில் ஒரு கையை எடுத்து ஒரு நாவல் எழுதலாம். குறையாகச் சொல்லவில்லை. இவ்வளவு கொடுத்தவரிடம் இன்னும் கேட்கத் தோன்றுகிறது.

மூன்றாவது, இமையத்தின் 'செல்லாத பணம்'. 2018-இல் வந்தது, 2020-க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றது. இதில் குதிரை இல்லை, குவர்னர் இல்லை. தலைமையாசிரியர் நடேசன், அவர் மனைவி அமராவதி, இன்ஜினியரிங் படித்த மகள் ரேவதி, அவள் அடம்பிடித்துக் கட்டிக்கொண்ட ஆட்டோ ஓட்டும் ரவி. ரேவதி தீக்காயத்தோடு கோரிமேட்டு ஜிப்மருக்குக் கொண்டுவரப்படுகிறாள். நாவலின் பெரும் பகுதி தீக்காய வார்டின் வாசலில், காத்திருப்பவர்களின் பேச்சில் நடக்கிறது.

பாகூர், வில்லியனூர் மட்டுமில்லை, கடலூர், விழுப்புரம் பக்கமும் பாம்பு கடித்தாலும் பிரசவம் சிக்கலானாலும் வாயில் வரும் முதல் வார்த்தை ஜிப்மர்தான். அந்த வாசலில் உட்காராத குடும்பம் இங்கே குறைவு. அதனால் இந்த நாவலை என்னால் கதையாகப் படிக்க முடியவில்லை. முதல் நூறு பக்கத்தில் ஒரு சலிப்பும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். சொன்னதையே சொல்கிறார்கள். அப்பா சொல்கிறார், அம்மா சொல்கிறாள், மறுபடி அப்பா சொல்கிறார். "அன்னிக்கே கேட்டிருந்தா", "அன்னிக்கே தடுத்திருந்தா". ஒரு கட்டத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, என் அப்பாவுக்காக நான் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்த பதினோரு நாளை நினைத்துப் பார்த்தேன். நாங்களும் சொன்னதையேதான் சொல்லிக்கொண்டிருந்தோம். காத்திருப்பவர்களுக்குப் புதிதாகச் சொல்ல எதுவும் கிடையாது. இமையம் அதை வெட்டிச் சுருக்கியிருந்தால் அந்த வராந்தா புத்தகத்துக்குள் வந்திருக்காது. மறுபடி திறந்தேன், ராத்திரி இரண்டு மணிக்கு முடித்தேன்.

எனக்கு அது ஒரு அப்பாவின் நாவலாகப் பட்டது. பையில் பணம் வைத்துக்கொண்டு, எவ்வளவு ஆனாலும் கட்டுகிறேன் என்று நிற்கிற மனிதர். மகளிடம் வருஷக்கணக்கில் பேசாமல் இருந்த பேச்சையெல்லாம் அந்தப் பணத்தால் ஈடுகட்டிவிட முடியும் என்று நம்புகிறவர். தலைப்பின் அர்த்தம் அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

எதிர்வீட்டு அக்காவுக்குப் புத்தகம் என்றால் உயிர். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். எட்டாவதோடு படிப்பு நின்றது. மாத நாவல்கள், ரமணிசந்திரன் கதைகள் எது கிடைத்தாலும் எழுத்துக்கூட்டி ஆரம்பித்துச் சரளமாக முடித்துவிடுவார். அட்டை போட்டுத்தான் படிப்பார், பழைய காலண்டர் தாளில். 'செல்லாத பணம்' என் திண்ணையில் கிடந்ததைப் பார்த்து எடுத்துப்போனார். கொடுக்கும்போதே எனக்குத் தயக்கம். அவருடைய தங்கை இருபது வருஷத்துக்கு முன்னால் ஸ்டவ் வெடித்து இறந்துபோனது தெருவுக்கே தெரியும். வேண்டாம் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் காலை புத்தகத்தைக் கொண்டுவந்தார். கண் வீங்கியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசவில்லை.

"படிக்கப் படிக்க டெட்டால் வாசன வந்துடுச்சு தம்பி" என்றார்.

"தெரியாம குடுத்துட்டேங்க்கா."

"அட, அதுக்கு இல்ல. பன்னெண்டு நாளு அங்கயே பாயப் போட்டுக் கெடந்தேன். அப்ப எங்கிட்ட எரநூறு ரூவா இருந்துது. காசு மட்டும் இருந்திருந்தா எந்தங்கச்சி பொழச்சிருக்கும்னு இத்தினி வருசமா நெனச்சிட்டுருக்கேன். தோட்ட வித்திருக்கலாமோ, கடன ஒடன வாங்கியிருக்கலாமோன்னு தெனமும் படுக்கறப்ப நெனப்பேன். இவங்ககிட்ட அவ்ளோ காசு இருந்துது. அந்தப் பொண்ணு பொழைக்கலியே தம்பி."

சொல்லிவிட்டுப் புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார். காலண்டர் தாள் அட்டையில் அவர் கை பட்ட இடமெல்லாம் நசுங்கி வழுவழுப்பாகியிருந்தது. அட்டையைக் கழற்றாமலேயே என்னிடம் கொடுத்தார். நானும் கழற்றவில்லை.

அதே புத்தகத்தை நான் படித்தபோது இப்படி ஒரு வாசல் அதில் இருப்பது எனக்குத் தெரியவே இல்லை. எழுதிய இமையத்துக்கும் தெரிந்திருக்குமா என்று யோசிக்கிறேன். காசு இல்லாமல் போன ஒருத்தியைப் பற்றிக் காசுள்ளவர்களின் கதை ஒன்று வந்து, உன் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. அக்கா இருபது வருஷமாகக் கோயில் கோயிலாகப் போனவர். அந்த வார்த்தை அவருக்குக் காலண்டர் அட்டை போட்ட ஒரு நாவலில் கிடைத்தது.

பாகூருக்குப் படிப்பு புதிதில்லை. 1879-இல் இங்கே கிடைத்த ஐந்து செப்பேடுகளில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இவ்வூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாக எழுதிக்கொடுத்த செய்தி இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டுச் சங்கதி. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி. ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள், வாய் மணக்கும். அந்த ஊர்களில் உழுதவர்களின் விளைச்சலில் யாரோ படித்தார்கள். உழுதவர்கள் அதில் ஒரு எழுத்தாவது படித்திருக்க வழியில்லை. நடவு நட்டுவிட்டு வந்து அக்கா நாவல் படிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செப்பேடு ஞாபகம் வருகிறது.

கிளம்பும்போது "வேற என்ன இருக்கு?" என்றார். இந்த முறை யோசித்து, பொன்னியின் செல்வன் முதல் பாகத்தைக் கொடுத்தேன். வாங்கி எடை பார்த்தார். "இன்னும் நாலு பாகம் இருக்குக்கா" என்றதும் முகம் மலர்ந்தது.

அது போய் மூன்று வாரம் ஆகிறது. நேற்றுப் பால் வாங்கப் போகையில் எதிரே வந்தார். கால் முழுக்கச் சேறு, கையில் நாற்றுமுடி.

"ஏரியத் தாண்டிட்டியாக்கா?"

"தாண்டிட்டேன், தாண்டிட்டேன். அந்தப் பையன் இன்னும் கடம்பூர்லதான் நிக்கறான். நடவு முடியட்டும் தம்பி, வந்து கூட்டிக்கினு போறேன்."

(தொடரும்)